20 மைலா, 14 மைலா? டெக்சாஸில் பெரிய பிக்கப் வண்டியின் உண்மையான மைலேஜ்

வணக்கம் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஃபிரிஸ்கோவில் குடியேறிச் சில மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், 2021ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 ஒன்றை, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் என்னும் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டதை, பழைய வண்டியாக வாங்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். விற்பவர் கேலனுக்கு 20 மைல் என்கிறார், அலுவலக நண்பரோ 14க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்கிறார், யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. இருவர் சொல்வதும் பொய்யில்லை. விற்பவர் சொல்வது அரசின் சோதனைக்கூடக் கணக்கு. நண்பர் சொல்வது அவருடைய டயரும் அவருடைய வலது காலும் சேர்ந்து போட்ட கணக்கு. நீங்கள் ஃபிரிஸ்கோவிலிருந்து இர்விங்கிற்கு வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வரும் வாழ்க்கைக்கு, ஆண்டுச் சராசரியாக 16 அல்லது 17 மைல் என்று வைத்துக்கொண்டு வரவு செலவைத் திட்டமிடுவதே சரி. இதே எஞ்சின் கொண்ட வண்டியை இங்கே பல ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர் என்பதால், 20 மைல் என்பது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். 16 மைல் என்பது ஏழு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஊரில் ஸ்விஃப்ட் ஓட்டிய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

அந்த 20 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி புதிய வண்டியில் ஒட்டப்படும் மைலேஜ் ஸ்டிக்கரில் இந்த வண்டிக்கு நகரத்தில் 18, நெடுஞ்சாலையில் 23, இரண்டும் சேர்த்து 20 என்று இருக்கும். இவை சாலையில் ஓட்டி அளந்தவை அல்ல; சோதனைக்கூடத்தில் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெற்றவை. அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 60 மைல்தான், சராசரி 48. இந்தக் குறையை உணர்ந்து, 2008ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து 80 மைல் வரை செல்லும் வேகச் சோதனை, 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் ஏ.சி. ஓடும் சோதனை, 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் நடத்தும் சோதனை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்து எண்களைக் குறைத்தார்கள். ஆகவே இன்றைய ஸ்டிக்கர் முன்பைவிட நேர்மையானது. ஆனாலும், நூறு டிகிரி வெயிலில் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக 78 மைல் வேகத்தில் செல்லும் டெக்சாஸ்காரரை மனத்தில் வைத்து எந்தச் சோதனையும் வகுக்கப்படவில்லை.

உங்கள் அன்றாடப் பயணத்தை முதலில் பார்ப்போம். டாலஸ் நார்த் டோல்வே என்னும் சுங்கச் சாலையில் காலை நெரிசலில் நின்று நின்று போகும்போது, இரண்டரை டன்னுக்கு அருகில் எடையுள்ள வண்டியை ஒவ்வொரு முறையும் நிலையிலிருந்து நகர்த்த வேண்டியிருக்கிறது. அப்படிப் பெட்ரோல் செலவழித்துப் பெற்ற வேகம் அத்தனையும் அடுத்த பிரேக்கில் வெப்பமாகிப் போய்விடுகிறது. இதைவிடவும் பலர் கவனிக்காதது, பள்ளி விடும் நேரத்தில் கார்களின் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பது. நிற்கும் வண்டி எஞ்சினின் அளவையும் ஏ.சி.யையும் பொறுத்து மணிக்குக் கால் கேலன் முதல் அரை கேலன் வரை எரிக்கிறது, அந்த நேரத்தில் ஓடிய தூரம் சுழியம். ஆகஸ்டு மாதத்தில் ஏ.சி. இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அதனால் அணைத்துவிடுங்கள் என்று உபதேசிக்க மாட்டேன். கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில், குறிப்பாகக் குறுகிய தூரப் பயணங்களில், ஏ.சி. மட்டுமே மைலேஜை 25 சதவீதத்துக்கு மேலும் குறைக்கக்கூடும் என்று அரசின் எரிபொருள் சிக்கனத் தளமே சொல்கிறது. என் வண்டியில் கோடைக்கால நகர ஓட்டம் 15ஐ ஒட்டியே இருக்கும்.

நெடுஞ்சாலைக்குப் போனால் கதை மாறும், அதுவும் வேகத்தைப் பொறுத்து. பிக்கப்பின் முகம் அகலமானது, உயரமானது. காற்றை வெட்டிக்கொண்டு போவதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், 65 மைலிலிருந்து 75க்குப் போனால் அது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 80க்குப் போனால் ஒன்றரை மடங்காகிறது. எதிரே மணிக்கு 20 மைல் காற்று வீசினால், நீங்கள் 75இல் போனாலும் வண்டியின் முகத்துக்கு அது 95. மேற்கு டெக்சாஸில் இது அபூர்வமன்று. மிட்லேண்டைத் தாண்டி ஐ-20 நெடுஞ்சாலையில் போய், பிறகு வேக வரம்பு 80 உள்ள ஐ-10இல் சேரும் பயணத்தில், போகும்போது 16உம் திரும்பும்போது 20உம் கிடைப்பதைப் பார்த்து எஞ்சினில் ஏதோ கோளாறு என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். கோளாறு எதுவுமில்லை, காற்றின் திசைதான். ஹூஸ்டனுக்கு ஐ-45இல் பொறுமையாக 65, 67இல் போனால் 22 வரை எனக்குக் கிடைக்கும். மற்றவர்கள் போகும் வேகத்திலேயே போனால் 18. சாலை ஒன்று, வண்டி ஒன்று, சுமையும் ஒன்றே.

இப்போது உங்கள் நண்பரின் 14க்கு வருகிறேன். டெக்சாஸில் பழைய பிக்கப் வாங்கப் போனால், முந்தைய உரிமையாளர் வண்டியை உயர்த்தி, கரடுமுரடான 35 அங்குல டயர் மாட்டியிருப்பதை அடிக்கடி காணலாம். உயர்த்தினால் அடியில் புகும் காற்று கூடும். பெரிய டயர் எடை கூடியது, உருளும்போது எதிர்ப்பும் கூடியது. எஞ்சினும் கியரும் அந்த அளவுக்காக வகுக்கப்பட்டவை அல்ல. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 32 அங்குல டயருக்குப் பதிலாக 35 மாட்டிவிட்டு வண்டியின் கணினியில் அதைத் திருத்தாமல் விட்டால், உண்மையில் ஓடிய தூரத்தைவிட ஓடோமீட்டர் சுமார் 9 சதவீதம் குறைத்துக் காட்டும். ஆகவே இத்தகைய வண்டியில் 14 என்று கணக்கு வந்தால் உண்மை 15க்குச் சற்று மேல் இருக்கும். மற்றோர் உண்மையும் இங்கே தொடர்புடையது: அந்த வண்டி 70,000 மைல் ஓடியதாகக் காட்டினால், அது அதைவிட அதிகம் ஓடியிருக்கக்கூடும். அழகுக்காக இப்படிச் செய்த வண்டியைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மழை நீர் தேங்குவதற்கு மேல் எந்தத் தடையையும் ஃபிரிஸ்கோ சாலைகள் உங்களுக்குத் தரப்போவதில்லை. அதே காரணத்தால் நான்கு சக்கர இயக்கமும் உங்களுக்கு அவசியமில்லை. இரு சக்கர இயக்கமுள்ள இதே வண்டியின் ஸ்டிக்கரில் நெடுஞ்சாலை எண் மட்டும் ஒரு மைல் கூடுதல்.

கேம்பிங் டிரெய்லர் இழுக்கும் ஆசையையும் குறிப்பிட்டிருந்தீர்கள். உயரமான டிரெய்லரை இழுத்தால் எந்த நிறுவனத்தின் பிக்கப்பாக இருந்தாலும் மைலேஜ் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 8 முதல் 10 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் இதற்குக் காரணம் எடையைவிட டிரெய்லரின் உயரமான முன்சுவரே. சிறிய டர்போ எஞ்சின் சுமையின்றி நிதானமாக ஓடும்போது சிக்கனம் காட்டும். சுமை ஏறி டர்போ முழு வீச்சில் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி-8 எஞ்சினுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. இதனால்தான் வாங்கும்போது டேங்கின் கொள்ளளவைக் கேட்கச் சொல்கிறேன். எஃப்-150இல் சிலவற்றுக்கு 23 அல்லது 26 கேலன், சிலவற்றுக்கு 36. கேலனுக்கு 9 மைல் என்றால் 23 கேலன் டேங்கில் 200 மைலைச் சற்றுத் தாண்டலாம். பெட்ரோல் நிலையங்கள் அரிதான பிக் பெண்ட் தேசியப் பூங்கா பக்கம் அது நிம்மதி தரும் தூரமன்று.

பணக் கணக்கை மைலில் போடாமல் கேலனில் போடுங்கள். ஆண்டுக்கு 15,000 மைல் என்றால் 20 மைலுக்கு 750 கேலன், 16 மைலுக்குச் சுமார் 940 கேலன். கேலன் 3 டாலர் என்று வைத்தால் விற்பவரின் எண்ணுக்கும் உங்கள் உண்மைக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 570 டாலர் அளவில். வண்டியின் விலை, காப்பீடு, மாதத் தவணை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது முடிவை மாற்றும் தொகையன்று. முடிவை மாற்றக்கூடியது வேறு: அதே அளவு பெரிய பிக்கப் உங்களுக்கு வேண்டுமா என்பது. ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் என்னும் சிறிய பிக்கப்பின் 2022 மாடலுக்கு ஸ்டிக்கர் எண் 37. அதே தூரத்துக்குச் சுமார் 405 கேலன்தான் ஆகும். ஹோம் டிப்போ என்னும் வீட்டுக் கட்டுமானப் பொருள் கடையிலிருந்து மரப்பலகையும் மண்மூட்டையும் ஏற்றி வர அது போதும், டிரெய்லருக்குத்தான் போதாது. எஃப்-150இலேயே வரும் பவர்பூஸ்ட் ஹைப்ரிட், நின்று நின்று போகும் உங்கள் காலைப் பயணத்துக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் 75 மைல் வேகத்தில் அதன் மேன்மை பெரும்பாலும் கரைந்துவிடும். விற்பவர் பேச்சோடு பேச்சாக இதைவிடப் பெரிய எஃப்-250 பக்கம் இழுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வண்டியும் சுமையும் சேர்த்து மொத்த எடை அனுமதி 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்புகளுக்கு அரசின் மைலேஜ் ஸ்டிக்கரே கிடையாது, அவர் சொல்லும் எந்த எண்ணுக்கும் ஆதாரம் இருக்காது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது டயர் அளவை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டாஷ்போர்டு காட்டும் சராசரி மைலேஜை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே காட்டும், தவிர, விற்பதற்கு முன் நெடுஞ்சாலையில் மெதுவாக ஓட்டி அந்த எண்ணை அழகாக்கி வைப்பதும் கடினமன்று. வாங்கிய பிறகு, பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, இடையில் ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுத்துப் பாருங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாமல், ஜூலையிலும் ஜனவரியிலும் சில டேங்குகளாவது இப்படிக் கணக்கிட்டுவிட்டு, பிறகு உங்கள் நண்பரிடம் பேசுங்கள்.