வாசகர் கேள்வி–பதில்: மலைநாட்டின் விளிம்பில் அப்புத்தளை

கேள்வி: பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு மலையகம் வர எண்ணியிருக்கிறோம். நுவரெலியாவையும் எல்லவையும் எல்லோரும் சொல்கிறார்கள். இடையிலுள்ள அப்புத்தளையில் தங்கிப் பார்க்க ஏதேனும் உண்டா?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: தாராளமாக உண்டு, ஓர் இரவாவது தங்குங்கள். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலுள்ள இச்சிறு நகரம், மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் எல்லையிலேயே அமைந்திருப்பதால், ஒருபுறம் ஊவா மலைகளும் மறுபுறம் தெற்கே சரிந்திறங்கும் சமவெளியும் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை. தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் உண்டு. அதற்கு மேல் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை. போகும்போது ஆட்டோவில் ஏறி, வரும்போது நடந்து இறங்குவதே பிள்ளைகளுக்கு நல்லது. விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள், ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் பனிமூட்டம் எழுந்து, உடவளவை நீர்த்தேக்கம் வரை விரியும் காட்சியை மூடிவிடும். நீங்கள் இறங்கி வரும் வேளையில், பிரட்டு எனப்படும் காலை வேலைப் பதிவு முடிந்து, இடுப்பில் படங்குத் துணி கட்டிய பெண்கள் நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். உச்சியில் லிப்டனுக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளரின் சந்ததியினர் இன்றும் கீழே லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் காட்டும் அப்புத்தளை, என்னளவில், பாதி அப்புத்தளைதான்.

நகருக்கு அருகிலுள்ள அடிஷாம் பங்களா, சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் மாளிகை. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதி, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில் உள்ளே சென்று பார்க்கலாம். துறவிகள் செய்யும் பழ ஜாமும் அங்கே கிடைக்கும்.

நேரமிருந்தால் பெரகலைச் சந்திக்கு இறங்கி, வெல்லவாய வீதியில் கொஸ்லாந்தையைக் கடந்து, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதையுண்ட மீரியபெத்தை தோட்டம் கொஸ்லாந்தைப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தைத் தவிர்த்து, ஏப்ரல் விடுமுறையில் வருவதாயினும் மண்சரிவு எச்சரிக்கை ஏதும் விடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே புறப்படுங்கள்.