பின் டிஃபரன்ஷியலில் ஊளைச் சத்தம்: பிரிப்பதற்கு முன்

வால்பாறை எஸ்டேட் ரோட்டில் ஓடும் பழைய ஜீப், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் ஊளை, காலை எடுத்தால் குறைகிறது, கியர் மாற்றும்போது ‘டங்’ என்று ஒரு அடி. உங்கள் கேள்வியில் இவ்வளவுதானே சொல்லியிருக்கிறீர்கள்? வீல் பேரிங் சத்தம் ஆக்சிலரேட்டருக்குப் பெரிதாக மாறாது, வளைவில்தான் மாறும். அதனால் எனக்கு டிஃபரன்ஷியலுக்குள் (எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் கிரவுன்-பினியன் என்ற ஜோடிப் பல்சக்கரங்கள் மேல்தான் சந்தேகம்.

ஆனால் ‘டங்’ சத்தத்துக்கு முதலில் கிராஸை, அதாவது ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டைப் பாருங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டு) கையால் திருகுங்கள். ஷாஃப்ட் ஆடி, அது டிஃபரன்ஷியலோடு சேரும் தட்டான ஃபிளாஞ்ச் அசையவில்லை என்றால் கிராஸ்தான், செலவு குறைவு. ஃபிளாஞ்சே மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது.

அப்புறம் ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பாருங்கள். ஆயில் இறக்கும் போல்ட்டின் காந்தத்தில் மாவு போல் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்துண்டு மாதிரி சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, வண்டியை எடுக்கவே வேண்டாம். பால் கலந்த டீ நிறம் என்றால் ஓடையில் இறங்கியபோது தண்ணீர் புகுந்திருக்கும். பிரீதர் (டிஃபரன்ஷியலின் காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா பாருங்கள்.

மாற்றினால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான். “பினியன் மட்டும் போதும் சார்” என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நானும் ஒருமுறை அந்தப் பேச்சைக் கேட்டு, இரண்டே மாதத்தில் மறுபடி பிரித்தேன். பேரிங், சீல், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்கின் இறுக்கத்துக்காக நசுங்கும் குழாய்) எல்லாம் புதிதாகப் போட வேண்டும். டயல் கேஜ் (சிறு அசைவை அளக்கும் கருவி) வைத்து பேக்லாஷ், அதாவது இரண்டு பல்சக்கரங்களின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி, பார்க்க வேண்டும். பல வண்டிகளில் 0.15 முதல் 0.20 மி.மீ. வரும், உங்கள் மேனுவலில் உள்ளதே கணக்கு. பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும்.

ஆயிலைப் பார்த்துவிட்டு அதை ஃபோட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.