கொளுத்தும் வெயிலில் தக்காளி: பக்கத்தில் என்ன நடலாம்? (கேள்வி பதில்)

தக்காளியும் துணைச்செடியும் பற்றி இன்று கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வறண்ட மண்ணில் துணைக்கு வரும் செடிக்கும் தாகம் உண்டு. அது குடிப்பதற்கு ஈடாக என்ன தருகிறது என்று பார்த்துத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

அக்கா, செடி செழிப்பா இருக்கு, பூ மட்டும் கொட்டிக்கிட்டே இருக்கு. துளசி வெச்சா தேனீ வந்து சரியாயிடுமா?

தக்காளிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் குழலுக்குள்ளே இருக்கும். உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கத் தெரிந்தது நீலப்பட்டைத் தேனீ போன்ற சில வகைதான். அது துளசிப் பூவுக்கு வரும், உண்மை. ஆனால் தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி. லேசான காற்று போதும். உங்களுக்குக் குறுக்கே நிற்பது சூடு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். காலையில் ஒரு கறுப்புத் தாளைப் பூவுக்கு அடியில் பிடித்து, காம்பைச் சுண்டிப் பாருங்கள். தூளே விழவில்லையா, சூட்டின் வேலை. விழுந்தாலும் அதற்கு உயிர் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

மேற்குப் பக்கம் அகத்தி வரிசை வையுங்கள், பிற்பகல் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். அதற்கு நாளாகும் என்றால் 35 முதல் 50 சதவீத நிழல்வலை. வேரடியில் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்கு, அதாவது காய்ந்த இலை, வைக்கோல். செடியை உயிரோடு வைத்திருங்கள், இரவு குளிர்ந்ததும் பிஞ்சு நிற்கும்.

அகத்திக்குப் பதிலா மக்காச்சோளம்?

வெள்ளைஈக்கு வேலியாக ஓரத்தில் நெருக்கி விதைக்கலாம். ஆனால் கதிரைத் தின்னும் புழுவும் தக்காளியைத் துளைக்கும் காய்ப்புழுவும் ஒன்றேதான். கதிர் வந்ததும் தினமும் பார்க்க முடியுமென்றால் நடுங்கள்.

புதினா?

தனித் தொட்டியில். ஒரே பாத்தியில் விட்டால் தக்காளியின் தண்ணீரையும் அதுவே குடித்துவிடும்.

கத்தரி, மிளகாய் ஊடே வைக்கலாமா மேடம்?

மூன்றும் பங்காளிகள். ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வரும். வேண்டாம்.

செண்டுமல்லி நட்டா வேர்முடிச்சு நூற்புழு ஓடிடும்தானே?

மண்ணுக்குள் இருந்து வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் அந்த நுண்புழு, பக்கத்தில் நட்டால் ஓடாது. செண்டுமல்லியை மட்டும் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மாதம் வளர்த்து, பிறகு அதே இடத்தில் தக்காளி நட்டால் புழு குறையும். வேலை நடப்பது அதன் வேரில். ஒரு முழம் தள்ளி நிற்கும் தக்காளி வேரை அது காக்காது.

தப்புக்கா. ரெண்டு வருஷமா பக்கத்துலதான் நடறேன், காய்ப்பு அருமை.

வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா, தம்பி?

இப்போதான் ஒரு செடியைப் பிடுங்கினேன். மணிமணியா முடிச்சு இருக்கு. ஆனா அது தழைச்சத்து முடிச்சா இருக்கலாமே?

காற்றின் தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும் அந்த முடிச்சு பயறு வகைக்குத்தான் வரும், நகத்தால் கீறினால் தனியாக உதிரும். உங்களுடையது வேரே வீங்கியது, உதிராது. நூற்புழுதான். ஊடே தட்டைப்பயறு போட்டிருந்தால் அதன் வேரையும் பாருங்கள், அதிலும் இந்தப் புழு குடியேறும்.

அப்போ காய்ப்பு எப்படி வந்துச்சு?

அதில் செண்டுமல்லிக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் மண்ணுக்கு மேலே. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிக்கு மஞ்சள் பூ என்றால் ஆசை, முட்டையை அங்கே போய் இடும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது இதற்கான கணக்கு. 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். பூவைப் பிரித்துப் புழுவைப் பொறுக்காவிட்டால், நீங்கள் வைத்திருப்பது பொறியல்ல, புழுப்பண்ணை.

சரிக்கா, வேர் விஷயத்துல ஒத்துக்கறேன். காய்ப்பு விஷயத்துல நான் சொன்னதும் சரிதான்.

சரி, பாதிப் பாதி. மூடாக்கு போட்டிருந்தீர்களா?

போட்டிருந்தேன்.

அதைச் சொல்லவே இல்லையே, தம்பி!

காயின் அடி கருகுது. முட்டை ஓடு போடவா?

துணைச்செடிக் கேள்வி இல்லை. மண்ணில் சுண்ணாம்புச்சத்து பெரும்பாலும் இருக்கும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் அது காய்க்குப் போய்ச் சேராது. சீராக ஊற்றுங்கள். மூடாக்கு.

என் ரோஜா இலை சுருளுது...

ரோஜா வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.

பழம் செக்கச்செவேலுன்னு வராம ஆரஞ்சாவே நிக்குது, என்ன நடறது?

ஒன்றும் நட வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் போகப் போகச் சிவப்பு நிறமி உருவாவது தடைபடும். நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

அக்கா, பூ கொட்டுது. துளசி வைக்கலாமா?

முதல் கேள்வியைப் படித்துவிட்டு வாங்கம்மா. மூடாக்கு போட்டாச்சா?