கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் மறுபடியும் செங்கல் சூளைக்கே ஏன் போகின்றன?

கேள்வி கேட்டவர் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. போன வருடம் அதிகாரிகள் வந்து வேனில் ஏற்றி அனுப்பிவைத்த இருளர் பழங்குடிக் குடும்பம், இந்த வருடம் பக்கத்துச் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருக்கிறதாம். "அட்வான்ஸைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு தாங்களாகவே போகிறார்கள். இது எப்படிக் கொத்தடிமை? மீட்டுத்தான் என்ன பிரயோஜனம்?" என்கிறார். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி 'குடி', மீதி 'படிப்பில்லை'. இரண்டும் சொல்லச் சுலபம். ஆனால் பட்டம் வாங்கியவரும் இந்தக் கணக்கில் மாட்டினால் வெளியே வர முடியாது. போட்டே காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான். "எங்கள் ஊரில் ரேட் வேறு" என்பவர்கள் அந்த ரேட்டைப் போட்டுப் பாருங்கள்.

கணவன், மனைவி இரண்டு பேர். முன்பணம் 60,000 ரூபாய். ஆயிரம் கல்லுக்கு 700 ரூபாய் கூலி. ஒரு நாளைக்கு ஆயிரம் கல், வாரத்தில் ஆறு நாள் என்றால் 4,200 ரூபாய். ஆனால் வாரக் கடைசியில் கையில் கிடைப்பது செலவுக்காசு 1,500 மட்டும். மிச்சம் முன்பணத்தில் கழிந்துகொண்டே வரும் என்று பேச்சு. சீசன் 24 வாரம். ஒரு நாளும் தவறாமல் வேலை நடந்தால் வரவு 1,00,800. செலவுக்காசு 36,000, முன்பணம் 60,000 போக 4,800 மிஞ்சும். மேஸ்திரி ஆள் பிடிக்கும்போது சொல்வது இந்தக் கணக்கைத்தான். அதில் பொய்யே கிடையாது.

இனி நடப்பதைப் பாருங்கள். நடுவில் ஒரு மழை. களத்தில் காயப்போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் கரைந்துவிட்டால் அந்தக் கல்லுக்குக் கூலி இல்லை. ஈரக்களம் காயும்வரை புதுக்கல்லும் அறுக்க முடியாது. இப்படி மொத்தம் இரண்டு வாரம் போனால் வரவு 92,400 ஆகிவிடும். செலவுக்காசு மட்டும் நிற்காது, வயிறு இருக்கிறதே. மிச்சம் போய் 3,600 துண்டு விழுகிறது. அடுத்தது எண்ணிக்கை. உடைசல் என்று சொல்லி 1,100 கல் அறுத்தால்தான் நோட்டில் ஆயிரம் ஏறும். அதைக் கழித்தால் வரவு 84,000, துண்டு 12,000. ஒரு பிரசவம், ஒரு டைபாய்டு வந்தால் மேற்கொண்டு கைமாற்று. ஆறு மாதம் முதுகு ஒடிய வேலை பார்த்த குடும்பம் அடுத்த சீசனுக்குக் கடன்காரனாகவே ஊர் திரும்புகிறது. யாரும் அடிக்கவில்லை, சங்கிலி போடவில்லை. நூறு கல்லும் ஒரு மழையும் போதும்.

நோட்டு இருப்பது மேஸ்திரி கையில். அதில் குடும்பத்துக்கு ஒரே பெயர், புருஷன் பெயர். விடிய நாலு மணி நேரம் இருக்கும்போதே எழுந்து மண் மிதிக்கிற மனைவிக்குத் தனிக் கணக்கு இல்லை. பாதி காய்ந்த கல்லை வெயில் ஏறுவதற்குள் புரட்டிப் போடும் பிள்ளைகள் அந்த நோட்டில் எங்குமே இல்லை.

முன்பணம் வாங்கினாலே கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை. சூளை முதலாளிகள் எல்லோரும் குற்றவாளிகள் என்றும் சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம். நடுசீசனில் ஆள் போய்விட்டால் சூளை நெருப்பே நின்றுவிடும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் கோடு எங்கே என்றால், கடனைக் கடனாக வைத்துக்கொண்டு வேறு இடத்தில் வேலை செய்து அடைக்க அந்த ஆளை விடுவார்களா? விட்டால் அது கடன். விடாவிட்டால் கொத்தடிமை. 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. முன்பணத்துக்காகக் கூலி இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைப்பது, வேறு வேலைக்குப் போகும் உரிமை போவது, நினைத்த இடத்துக்குப் போகும் உரிமை போவது, தன் உழைப்பின் பலனைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை போவது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். 'விருப்பப்பட்டு வந்தார்' என்பது சட்டத்தின் முன் பதிலே ஆகாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. பசியும் ஒரு பலவந்தம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

விசாரணையில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "நீங்க கொத்தடிமையா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க சார், ஐயா நல்லா பாத்துக்கறாரு" என்று பதில் வரும். விசாரணை முடிந்தது! கேட்க வேண்டியது வேறு. ஊரில் சாவு என்றால் குடும்பத்தோடு போக முடியுமா, ஒரு ஆளை நிறுத்திவைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா? போன மாதம் எத்தனை கல் அறுத்தீர்கள், நோட்டைப் பார்த்தீர்களா? பக்கத்துச் சூளையில் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் போவீர்களா? இதைச் சூளையை விட்டு வெளியே, கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். தொழிலாளி 'கொத்தடிமைக் கடன்' என்று சொல்லிவிட்டால், அது அப்படிப்பட்ட கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருக்கு. சட்டத்தின் 15-ஆம் பிரிவு அது. பல அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. மீட்டும் ஏன் திரும்பிப் போகிறார்கள்?

முதல் காரணம், பல 'மீட்பு'கள் மீட்பே இல்லை. 'கூலித் தகராறு' என்று எழுதி, முதலாளியைச் சமாதானம் பேசவைத்து, வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு எழுதித்தரும் விடுதலைச் சான்று இல்லாமல் போனால் கடன் காகிதத்தில் உயிரோடுதான் இருக்கும். பத்தாம் நாள் மேஸ்திரி வாசலில் நிற்பார். சான்று கையில் இருந்தால் அந்தக் கடன் சட்டப்படி செத்தது. அதைத் திருப்பி வாங்குவதே மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அதனால் கோட்டாட்சியர் கையெழுத்திட்ட சான்று, குடும்பத்துக்கு ஒன்று அல்ல, கணவன், மனைவி, வேலை செய்த பிள்ளை என்று ஆளுக்கொன்று வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால் மனைவியின் இழப்பீடு போயிற்று.

இரண்டாவது, பணம் வரும் வேகம். மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 வரை. 2022-க்கு முன் 20,000. அதற்குமேல் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறுவருக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய வழக்குகளில் 3 லட்சம் என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய தொகையை வழக்கின் தீர்ப்போடு கட்டிவைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரே போடாத இடத்தில் தீர்ப்பு எங்கிருந்து வரும்? உடனடித் தொகையும் ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை என்று மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு சின்ன வேடிக்கை: தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று கொடுப்பவரும் கோட்டாட்சியர்தான். விடுதலைச் சான்றில் கையெழுத்துப் போடும்போது 'இவர் இருளர்' என்று அவரே எழுதுவார். ஜாதிச் சான்று கேட்டால் மட்டும் பல மாதம் அலையவிடுவார்கள். இரண்டு மனுவையும் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் வேர். இருளர்களுக்குக் காடும் பாம்பும் எலியும் தொழிலாக இருந்தன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்கு வழி செய்தது. மற்றவர்கள் பட்டா இல்லாமல் ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது கூலி வேலை இல்லை, வங்கி இல்லை, நகை இல்லை. அந்த நேரத்தில் அடமானம் கேட்காமல் கொத்தாகப் பணம் கொடுக்கும் ஒரே ஆள் மேஸ்திரி. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வருகிறவர்கள் கதையும் இதே. அங்கே நுவாகாய் என்ற அறுவடைப் பண்டிகையை ஒட்டி, கைச்செலவு முட்டும் நேரமாகப் பார்த்து முன்பணம் இறங்கும். கடன் வெறும் பூட்டு. கதவு அந்த இரண்டு மூன்று மாதப் பஞ்சம். சீசன் பள்ளி வருடத்தின் நடுவில் புகுந்து முழுப்பரீட்சையை விழுங்குவதால் பிள்ளையும் அடுத்த பத்து வருடத்தில் அதே களத்துக்கு வருகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "நோட்டீஸ் பீரியட் மூணு மாசம், நானும் ஐடி கொத்தடிமைதான்" என்று கீழே இரண்டு பேர் சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேனேஜர் உங்கள் தம்பியை ஆபீஸில் நிறுத்திவைத்துக்கொண்டு உங்களை ஊரில் சாவு வீட்டுக்கு அனுப்பியதுண்டா? அந்த வார்த்தை இப்படித் தேய்ந்துபோனதால்தான் உண்மையில் கொத்தடிமையாக இருப்பவரைப் பார்த்தும் அதிகாரி 'மிகைப்படுத்துறாங்க' என்கிறார். வருடாவருடம் பிப்ரவரி 9 அன்று அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அன்றைக்குச் சூளைகளில் கல் அறுப்பு உச்சத்தில் இருக்கும்.

கேட்டவர் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தால் சீசன் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சான்று எத்தனை பேருக்குக் கிடைத்தது, எஃப்.ஐ.ஆர். எண் என்ன, 30,000 கணக்கில் ஏறியதா, ரேஷன் கார்டு வந்ததா, இந்த நாலையும் விசாரித்து ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புரட்டாசிக்குள் நாலும் நடக்கவில்லை என்றால், மேஸ்திரி எந்த வாரம் வருவார் என்று அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.