போன் கீறித் தரும் வளையியைக் கையால் ஏன் கீற வேண்டும்?

முனைவாள்கூற்றுச் சமன்பாட்டை, அதாவது முனைவு என்ற நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரம் r ஐத் திரும்பும் கோணம் θ வால் சொல்லும் சமன்பாட்டை, போனில் தட்டினால் உடனே வளையியின் (வளைகோட்டின்) படம் வருகிறதே, பிறகு ஏன் கையால் கீறிப் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பஸ் முதலாம் வருடம் போல. சோதனை நெருங்கும் எரிச்சலில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் அக்காவின் மகனும் இதையேதான் கேட்டான்.

வெள்ளவத்தையில் என் பிளாட்டில் பின்னேரங்களில் கம்பஸ் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அவனும் வருவான். r = 1 + 2cosθ அடைக்கும் பரப்பைக் காணச் சொன்னேன். போனில் படத்தைப் பார்த்தான். பெரிய வளையம், உள்ளே குட்டி வளையம். 0 முதல் 2π வரை ஒரேயடியாகத் தொகையிட்டு 3π என்று எழுதி நீட்டினான்.

“பிழை.”

“படம் சரிதானே மாமா?”

படம் சரிதான். அதுதான் பிரச்சினை. போனை வாங்கி வைத்துவிட்டு, முதலில் θ கிடையாகவும் r நிலைக்குத்தாகவும் வருகிற சாதாரண வரைபைக் கீறச் சொன்னேன். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். r மூன்றில் தொடங்கி இறங்கி, 2π/3 இல் பூச்சியமாகி, π இல் −1 வரை போய், 4π/3 இல் மறுபடி பூச்சியத்துக்கு வந்து, 2π இல் மூன்றுக்கே ஏறுகிறது. இனி அதைப் பார்த்துப் பார்த்து வளையியைக் கீற வேண்டும். 2π/3 இல் பென்சில் முனைவுக்கு வந்து சேர்கிறது; θ = 2π/3 என்ற கோடே அங்கே தொடலி (தொடுகோடு). அதைத் தாண்டியதும் கோணம் இரண்டாம் கால்வட்டத்தில் நிற்க, r மறை (பூச்சியத்திலும் குறைவு) என்பதால் பென்சில் நேரெதிரே நாலாம் கால்வட்டத்துக்குப் போக வேண்டும். அவன் பென்சில் அங்கேதான் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப உள் வளையத்தை ரெண்டு தரம் கூட்டிட்டேனா?” என்றான்.

ஓம். உள் வளையம் π − 3√3/2, ஏறக்குறைய 0.54. அதை ஒரு தரம் கழித்தால் 2π + 3√3/2, கிட்டத்தட்ட 8.88. பென்சில் எந்த ஒழுங்கில் எங்கே போய் வந்தது என்பதை முடிந்த படம் காட்டாது. r = cos3θ வும் அப்படித்தான். π க்குள்ளேயே மூன்று இதழும் முடிந்து, மிச்சப் பாதியில் அதே இதழ்களின் மேல் இரண்டாம் தரம் ஓடுகிறது. 2π வரை தொகையிட்டால் பரப்பு இரட்டிப்பாகும்.

(அந்த உள்வளைய வளையி பஸ்கால் பேரில் வழங்குவது. ஆனால் அது பேர்போன கணிதரான மகன் பிளேஸ் இல்லை, அப்பா எத்தியேன்.)

பழைய காலத்து வாத்தியார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நானும் போனில் சரிபார்க்கிறவன்தான். பாகைமானி வைத்து ஐந்து பாகைக்கு ஒரு புள்ளி குற்றச் சொல்லவும் இல்லை, அது வீண் வேலையேதான். இதைச் சொல்லிக்கொடுப்பதற்கே எங்கள் பிளாட்டில் எனக்குக் கடிதம் வருகிறது, பிள்ளைகளின் செருப்பு நடைபாதையை அடைக்கிறதாம். ஐந்து சோடி செருப்பு! மேல்மாடியில் கல்யாணம் நடந்தபோது லிப்ட் வாசல்வரை செருப்புக் கிடந்தது, அதற்கு ஒரு கடிதமும் போகவில்லை. சரி, அதை விடுங்கள்.

1 + cosθ இல் தொடங்கி, 1 + 2cosθ, cos2θ என்று போங்கள். கோசைன் மட்டும் வந்தால் தொடக்கக் கோடு (θ = 0) பற்றிச் சமச்சீர். 0 முதல் π வரை கீறி, மிச்சத்தைத் தெறிக்க வைத்தால் போதும். r² = cos2θ ஐக் கடைசிக்கு வையுங்கள். π/4 க்கும் 3π/4 க்கும் இடையில் சமன்பாட்டின் வலப்பக்கம் மறை, அங்கே வளையியே கிடையாது, பென்சிலைத் தூக்கிவிட வேண்டும்.