தேடலும் சூத்திரமும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். காலையில் ஹீப்ருவும், யூத வேதமான தோராவும், அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத்தும். மதியம்தான் என் பாடம். பிள்ளைகளே கேட்டுக் கண்டடையும்படி நடத்தச் சொல்கிறது நிர்வாகம். அவர்களோ எதைச் சொன்னாலும் மறுக்கிறார்கள். அதனால் படிப்படியான கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, முடிவில் சூத்திரத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். பெற்றோரும் புகார் சொல்கிறார்கள். பாடத்தை எப்படித்தான் முடிப்பது?

சுமதி

அன்புள்ள சுமதி,

வகுப்பில் மறுத்துப் பேசும் பிள்ளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அலுப்பு புரிகிறது. நாள் முழுவதும் நின்று பேசும் வேலை. ஆனாலும் கோபம் வருகிறது. படிகளையும் நீங்களே போட்டு, விடையையும் நீங்களே சொன்னால் அதில் பிள்ளைகள் தேடுவதற்கு என்ன இருக்கிறது? முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள்.

காலை வகுப்பில் ஒருநாளாவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்களா? இரண்டிரண்டு பேராக ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உரக்க வாதிடுவார்கள். ஹவ்ருதா என்பது அதன் பெயர். ரபி யோஹனான் என்ற அறிஞரோடு வாதிட்டுப் படித்த துணை ரேஷ் லாகிஷ். அவர் இறந்தபின் யோஹனானுக்குப் புதிய துணை ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் யோஹனான் சொன்னதற்கெல்லாம் ஆதாரம் காட்டினார். யோஹனான் நொந்துபோனார். ரேஷ் லாகிஷ் 24 மறுப்பு எழுப்புவான், நான் 24 விடை சொல்வேன், விஷயம் விரியும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா என்று புலம்பினார். தால்மூத்தில் உள்ள கதை இது. அதைப் படிக்கும் பிள்ளைகளை மதியம் வாயை மூடச் சொல்கிறீர்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கில் ‘பை = 22/7 எனக் கொள்க’ என்றிருக்கும்; அடுத்ததில் 3.14. எது சரி என்று கேட்ட என் பக்கத்துப் பையனை பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். பிறகு அந்த வகுப்பில் யாரும் எதையும் கேட்கவில்லை.

உங்கள் பிள்ளைகளின் ஏட்டிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது பை = 3, என்பதற்கு என்ன ஆதாரம் என்று தால்மூத்தின் ஏரூவின் என்ற பகுதியில் கேட்கிறார்கள். விடை, வேதத்தில் வரும் சாலொமோன் அரசனின் வெண்கலத் தொட்டி: விளிம்புக்கு விளிம்பு 10 முழம், சுற்றிலும் 30 முழம். விளிம்பின் கனம் எங்கே போயிற்று என்று மறுப்பு வருகிறது. லீலிப் பூவிதழ்போல் மெல்லியது என்கிறார் ரப் பாப்பா என்ற அறிஞர். மெல்லியதானாலும் கொஞ்சம் உண்டே! அப்படியானால் சுற்றளவை உட்புறம் அளந்தார்கள் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இதை வகுப்பில் வையுங்கள். டப்பா மூடியின் விட்டத்துக்கு நூலை நறுக்கி, ஓரத்தைச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். மூன்று துண்டு ஒட்டியும் சிறு இடைவெளி மிஞ்சும். தொட்டியின் கனம் நாலு விரற்கடை என்று வேதத்தில் அதே அதிகாரத்தில் இருப்பதை ஒரு பெண் கண்டுபிடிப்பாள். முழத்துக்கு 24 விரற்கடை. விட்டத்தை வெளிப்புறம் அளந்ததாக வைத்து, 240-இல் இரு பக்கக் கனமான எட்டைக் கழித்தால் உள்விட்டம் 232, உட்புறச் சுற்றளவு 720. வகுத்தால் ஏறக்குறைய 3.10. நெருங்கிவிட்டோம் என்று துள்ளுவாள். விளிம்பு இதழ்போல் மெல்லியது என்றால் எட்டு விரற்கடையை எப்படிக் கழித்தாய் என்று இன்னொருவன் மடக்குவான். அந்த இடத்தில் தயவுசெய்து நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

வாதம் ஓய்ந்தபின் யூத அறிஞர் மைமோனிடிஸைக் காட்டுங்கள். இந்த விகிதத்தைத் துல்லியமாக அறியவே முடியாது, அது நம் அறிவின் குறையல்ல, அதன் இயல்பு என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர். அது விகிதமுறா எண், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது, என்று கணித அறிஞர் லாம்பெர்ட் நிரூபித்தது 1760-களில்.

பெற்றோர் புகாரை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அந்த வகுப்புக்குத் தால்மூத் ஆசிரியரையும் அழையுங்கள். பிள்ளைகள் அவரையும் மறுக்கட்டும்.