அனுபவச் சான்றிதழுக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம்

கேள்வி: ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். வயது 34. மனைவி, நான்கு வயது மகள். கனடா பி.ஆர். (அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டிடம், மனைவியின் நகைகளை அடகு வைத்து ஒன்பது லட்சம் கொடுத்தேன். அதில் நான்கு லட்சம் ரொக்கம், ரசீது இல்லை. வயது, படிப்பு, அனுபவம், மொழிக்குத் தரும் தேர்வுப் புள்ளிகள் போதவில்லை என்று, நான் வேலையே பார்க்காத ஒரு நிறுவனத்தின் பெயரில் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் சேர்த்தார். அதற்குத் தனியாக ஒன்றரை லட்சம். 2019-ல் எனக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதையும் விண்ணப்பத்தில் மறைத்துவிட்டார். இப்போது கனடா குடிவரவுத் துறை விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. முப்பது நாள் கெடுவில் பதினோரு நாள்தான் மிச்சம். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டு மனைவி பெயரில் புதிதாகப் போடலாம் என்கிறார் ஏஜென்ட். மைத்துனர் போலீஸ் புகாரை எழுதித் தயாராக வைத்திருக்கிறார். மாமனார் முகத்தில் விழிக்க முடியவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? ஏஜென்டை உள்ளே தள்ள முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: "அதற்குத் தனியாக ஒன்றரை லட்சம்." நகை, மாமனார், ஏஜென்டின் நயவஞ்சகம் எதுவும் கனடா அதிகாரியின் மேசைக்குப் போகாது. சான்றிதழ் போலி என்று தெரிந்தே பணம் கொடுத்தீர்களா என்பதுதான் வழக்கு. தெரிந்துதான் கொடுத்திருக்கிறீர்கள்.

கனடா குடிவரவு, அகதிப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ முக்கியமான தகவலைத் திரித்தவரும் மறைத்தவரும் ஐந்து ஆண்டுகளுக்கு அந்நாட்டுக்குள் வரத் தகுதியற்றவர் என்கிறது. 2014 வரை இது இரண்டு ஆண்டாக இருந்தது. "மறைமுகமாக" என்ற சொல் உங்கள் ஏஜென்டுக்காகவே போடப்பட்டது. யார் தட்டச்சு செய்தாலும் கையெழுத்து உங்களுடையது என்பதே அங்குள்ள நீதிமன்றங்களின் நிலை. விவரம் தெரியாமல், தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல் நேர்ந்த பிழைக்கு ஒரு விலக்கு உண்டு. அது மிகக் குறுகலான வாசல். தனிக் கட்டணம் கொடுத்தவர் அதில் நுழைய முடியாது.

அமெரிக்க விசா விஷயம் இன்னும் மோசம். விசா மறுக்கப்படுவது ஒரு குற்றமே அல்ல; லட்சக்கணக்கானவர்களுக்கு நடக்கிறது. சொல்லியிருந்தால் ஒரு வரி விளக்கத்தோடு போயிருக்கும். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களையும் கைரேகைகளையும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பாஸ்போர்ட் மாறலாம், விரல் மாறாது.

இனி, உங்களைப் போன்றவர்கள் உண்மையில் எங்கே விழுகிறார்கள் என்று சொல்கிறேன்.

நீங்கள் இரண்டு நாடுகளில் இரண்டு காகிதங்கள் கொடுக்கப் போகிறீர்கள். கனடாவுக்கு விளக்கம், இங்கே போலீசுக்குப் புகார். முதலாவதில் "எனக்கு எதுவும் தெரியாது" என்று எழுதத் தோன்றும். இரண்டாவதில் ஏஜென்டை வசமாக மாட்டவைக்க "போலிச் சான்றிதழுக்கு இவ்வளவு வாங்கினார்" என்று எழுதத் தோன்றும். என்னிடம் வந்த ஒருவர் இரண்டையும் எழுதினார். அதோடு நிற்காமல், தன்னை ஏமாந்தவராகக் காட்ட எஃப்.ஐ.ஆர். நகலைக் கனடாவுக்கான விளக்கத்தோடு இணைத்தும் அனுப்பினார். தெரியாது என்றவரின் சொந்த வாக்குமூலம் அடுத்த பக்கத்தில்! அவர் இணைக்காமல் இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, சில விலக்குகள் தவிர, எஃப்.ஐ.ஆர்.கள் போலீஸ் இணையதளத்தில் ஏறிவிடுகின்றன.

இங்கேயும் நீங்கள் வெறும் சாட்சி அல்ல. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிப் பிரிவு 318(4) ஏஜென்டை மாட்டவைக்க உதவும், உண்மைதான். ஆனால் போலி ஆவணத்தை உண்மையானதுபோலப் பயன்படுத்துவது அதே சட்டத்தின் 340-ஆவது பிரிவில் குற்றம். பயன்படுத்தியது யார்? மைத்துனர் எழுதிய புகார் எந்த நிலையத்துக்கும் போகக் கூடாது. உள்ளூர் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.

கனடாவுக்கான பதில்: கெடுவுக்குள் போயாக வேண்டும். நான் அதில் கையெழுத்திட முடியாது. கட்டணம் வாங்கி அந்தத் துறையிடம் பிரதிநிதித்துவம் செய்ய, அந்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் மாகாண நோட்டரிகள், அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்கள் ஆகியோருக்குத்தான் சட்டம் இடம் தருகிறது. ஆலோசகர்களின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. உங்கள் ஏஜென்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். கனடா வழக்கறிஞரை நாளையே பிடியுங்கள், அவரிடம் ஒன்றரை லட்சத்தையும் சேர்த்து முழுதும் சொல்லுங்கள். பதிலில் ஒரு புதுப் பொய்யும் வேண்டாம். தடை பெரும்பாலும் வரும். உங்களால் இப்போது காப்பாற்றக்கூடியது, ஐந்து ஆண்டுக்குப் பிறகு நீங்கள் போடும் விண்ணப்பத்தை அதிகாரி என்ன கண்ணோடு படிப்பார் என்பதைத்தான்.

வாபஸ் வாங்கினால் தப்பலாம் என்பது ஏஜென்ட் தப்புவதற்கான யோசனை. கடிதம் வந்த பிறகு வாபஸை ஏற்காமலேயே அதிகாரி முடிவெழுதலாம். மனைவி பெயரில் போடுவதும் அப்படியே. அதே கனடாச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி, பி.ஆருக்கு விண்ணப்பிப்பவரின் கணவர் தகுதியற்றவரானால், அவர் உடன் போகாவிட்டாலும் விண்ணப்பம் விழும். சட்டப்படியோ நடைமுறையிலோ பிரிந்து வாழ்பவர்களுக்குத்தான் விலக்கு. அதற்காகக் காகிதத்தில் விவாகரத்து வாங்கலாம் என்று அடுத்து ஒருவர் வருவார். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால், கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்க 60 நாள் உண்டு. அதிகாரியின் முடிவு நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டுமே அங்கே பார்ப்பார்கள். உங்கள் உண்மைகளை வைத்துக்கொண்டு அந்தச் செலவைச் செய்யச் சொல்லமாட்டேன்.

இந்தத் தடைக்காலத்தில் வேறு நாட்டில் இதே வேலையைச் செய்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியா போலி ஆவணத்துக்கு மூன்று ஆண்டு ஒதுக்கி வைக்கும். பிரிட்டனில் பத்து ஆண்டு வரை போகும். அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. நாளை எந்த நாட்டின் படிவத்திலும் "மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு, அமெரிக்காவுக்கு ஒன்றும் கனடாவுக்கு ஒன்றுமாக, இரண்டு "ஆம்" எழுத வேண்டியிருக்கும், எழுதுங்கள்.

பணத்துக்கு வருவோம். சமரசம் செய்யுங்கள். ஒன்றரை லட்சத்தை மறந்துவிடுங்கள்; சட்டவிரோத நோக்கத்துக்குக் கொடுத்த பணத்தை மீட்க எந்த நீதிமன்றமும் உங்களுக்குக் கை கொடுக்காது. ஒன்பது லட்சம் சேவைக் கட்டணம், அது பேசக்கூடியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு, அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள். ஆனால் அங்கே குறுக்கு விசாரணையில் ஏஜென்டின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியவருக்கு வருமான வரிச் சட்டத்தில் அதே தொகை அபராதமாக விழலாம் என்பது அவருக்கும் தெரியும். ஆறு லட்சம் வந்தால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

வாங்கும்போது கவனம். ஏஜென்ட் ஒரு முத்திரைத்தாளை நீட்டுவார். நான் பார்த்த அத்தகைய தாள்களில் மூன்றாவது, நான்காவது பத்தியில் சாதுவாக ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கும்: "மேற்படி ஆவணங்கள் அனைத்தையும் வாடிக்கையாளரே தயாரித்து அளித்தார்." கையெழுத்துப் போட்டால் போலியைச் செய்தவரும் நீங்களே என்றாகிவிடும். அந்த வரியை அடிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். "போலீசுக்குப் போகமாட்டேன்" என்ற நிபந்தனையும் வேண்டாம், குற்ற வழக்கை விலைபேசும் ஒப்பந்தம் செல்லாது. பின்தேதியிட்ட காசோலைகள் வேண்டாம். அவை திரும்பினால் காசோலை வழக்கு என்று இன்னும் சில ஆண்டுகள் அலைவீர்கள். ஆர்.டி.ஜி.எஸ். வந்த குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகு கையெழுத்து.

ஒன்பது லட்சம் எதற்கு என்று முதல் நாளே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் உயர்வின்படி எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிமுறைத் தேர்வு வழியில் பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 950, நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575 கனடிய டாலர். குழந்தைக்கு 260. கைரேகைக்குக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. ஆக மூவருக்கும் 3,480 டாலர், இரண்டேகால் லட்சத்தை ஒட்டி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்துகிறார்கள். மொழித் தேர்வு, பட்டச் சான்று மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்தால் இன்னொரு லட்சத்தை ஒட்டி ஆகலாம். அவ்வளவுதான் நேர்வழிச் செலவு. ஐந்து ஆண்டு கழித்து உங்கள் வயதுப் புள்ளி 75-லிருந்து 50-க்கு இறங்கியிருக்கும். அப்போது ஈடுகட்டப் போவது ஆங்கில மதிப்பெண்ணும், ஓசூரிலேயே நீங்கள் சேர்த்துவைக்கும் உண்மையான அனுபவமும்தான்.

குடியேற்ற நிதி, அதாவது அங்கே போய்க் குடும்பம் நடத்தக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம், வேறு கணக்கு. 2025 ஜூலை நிர்ணயத்தின்படி மூவர் குடும்பத்துக்கு 23,360 டாலர், ஏறக்குறைய பதினைந்து லட்சம். அது யாருக்கும் கொடுக்கும் கட்டணம் அல்ல, உங்கள் கணக்கிலேயே இருக்கும் உங்கள் பணம். கடன் வாங்கிக் காட்டக் கூடாது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் நிலுவைக் கடன்களும் வரும், அடகு வைத்த நகைக்கடன் உட்பட. சமரசத்தில் வரும் பணத்தில் முதலில் அந்த நகைகளை மீட்டுவிடுங்கள்.